தவறான முனையிலிருந்து அளந்த சாலை

நாகூரை விட்டு வடக்கே வரும் பேருந்து வாஞ்சூரில் எங்கள் எல்லைக்குள் நுழையும். திருமலைராயன்பட்டினம், அரசலாற்றுப் பாலம், காரைக்கால் நகரம், கோட்டுச்சேரி, வரிச்சிக்குடி, பூவம் என்று தொட்டுக்கொண்டு வந்து நண்டலாற்றுப் பாலத்தில் வெளியேறிவிடும். வெளியூர்ப் பயணிக்கு இது ஒரு குட்டித் தூக்கத்துக்குக் காணாத தூரம். சாலையோரம் மதுக்கடைப் பலகைகள் நெருங்கி வர ஆரம்பித்தால் காரைக்கால் வந்துவிட்டது, அவை நின்றுவிட்டால் காரைக்கால் முடிந்துவிட்டது, அவ்வளவுதான் அவருக்குத் தெரியும். வரிச்சிக்குடிக்குப் பக்கத்தில் இந்தச் சாலையின் மேற்கே எங்கள் குடும்பத்துக்கு நிலம் இருக்கிறது. தம்பி பயிர் வைக்கிறான். நான் வங்கியில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவன்.

ஓய்வு பெற்றதும் இந்தச் சாலையின் வரலாற்றை எழுதுவதென்று இறங்கினேன். கிடைத்ததையெல்லாம் படித்தேன். கல் கல்லாகப் பார்த்துக்கொண்டு நடந்தேன். இப்போது எழுதுவது அந்த வரலாறு இல்லை. சென்ற மழைக்காலத்தில் இந்தச் சாலை எங்களை என்ன செய்தது என்பதை எழுதுகிறேன். தேதியில்லாமல் எழுதுவது எனக்குப் பல்லைப் பிடுங்குகிற மாதிரி. இருந்தாலும் சென்ற ஆண்டு நடந்தவற்றுக்கு மாதத்தோடு நிறுத்திக்கொள்கிறேன். தேதி சொன்னால் அன்று பணியில் யார் இருந்தார் என்று ஊர் கண்டுபிடித்துவிடும். ஒருவரைப் பிடித்துத் திட்டிவிட்டு மற்றவர்களைத் தப்பவிட எனக்கு விருப்பமில்லை.

பழைய தேதிகளைச் சொல்வதில் தடையில்லை. 1739இல் காரைக்கால் பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்தது. வடக்கே தரங்கம்பாடி டேனியரிடம் இருந்தது; 1845இல் அதை ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டுப் போனார்கள். தெற்கே நாகூர் ஆங்கிலேயர் பக்கம். ஆக, மாட்டு வண்டியில் காலையில் கிளம்பி மாலைக்குள் போய்ச் சேரக்கூடிய ஒரே கடற்கரைச் சாலையில் மூன்று கொடிகள் பறந்தன. 1954 நவம்பர் முதல் தேதி வரை எங்கள் சாலையின் இரண்டு முனையிலும் சுங்கச் சாவடி. நண்டலாற்றுக்கு அந்தப் பக்கம் தூரத்தை மைலில் சொன்னார்கள். இந்தப் பக்கம் கிலோமீட்டர். அந்தப் பக்கத்துக் கற்கள் எங்கோ தொலைவிலிருக்கும் பெருநகரத்திலிருந்து எண்ணிக்கொண்டு வந்தன. எங்கள் கற்கள் காரைக்கால் நகரத்தில் சுழியத்தில் தொடங்கி, வடக்கே ஒரு வரிசை, தெற்கே ஒரு வரிசை என்று எல்லை வரைக்கும் எண்ணிப் போயின. நாங்கள் எங்களை நடுவில் வைத்து எண்ணினோம். சுற்றிலும் வேறு அரசாங்கம் இருக்கும்போது வேறு எப்படி எண்ண முடியும்?

பிறகு மைல் போனது. எல்லாரும் கிலோமீட்டருக்கு வந்தார்கள். இந்தச் சாலை மாநில நெடுஞ்சாலை என்று வரைபடங்களில் ஏறியது. யூனியன் பிரதேசத்தில் மாநில நெடுஞ்சாலை! அதன் பிறகு கல்லுக்கு வேறு வர்ணம் அடித்தார்கள், வேறு எண் வந்தது, தேசியம் என்றார்கள். எங்கள் வாயில் அது மெயின் ரோடு. எங்கள் ஊரில் மதகுகளுக்குப் பெயர் மட்டும் மாறவில்லை. நகரத்திலிருந்து எத்தனையாவது கல்லை ஒட்டி இருக்கிறதோ அதுதான் பெயர். எங்கள் வயல் தண்ணீர் சாலைக்கு அடியில் புகுந்து கடல் பக்கம் போகிற மதகுக்கு ஏழாங்கல் மதகு என்று பெயர். செங்கல் வளைவு, சுண்ணாம்புக் காரை. மேற்கே எங்கள் நிலத்துக்குப் பின்னால் இருக்கும் நாலைந்து குடும்பங்களின் வயல் தண்ணீரும் எங்கள் தாழ்ந்த பங்கு வழியாக வந்து இதில்தான் வடியும். வேறு வழி கிடையாது. நிலத்தின் சரிவு அப்படி.

சாலை போட வருகிறவர்களுக்குச் சரிவு என்று ஒன்று இருப்பது தெரியாது. அவர்களுக்குத் தெரிந்ததெல்லாம் உயரம். பழைய தாரைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புதுத் தார் போட வேண்டும். யார் சுரண்டினார்கள்? போன தடவை போட்டதன் மேல் ஒரு அடுக்கு, அதன் மேல் இன்னொரு அடுக்கு. நான் பள்ளிக்கூடம் போன காலத்தில் சாலையோரத்து வீடுகளுக்குள் மூன்று படி ஏறிப் போவோம். இப்போது அதே வீடுகளுக்குச் சாலையிலிருந்து இறங்கிப் போகிறோம். மழை பெய்தால் சாலை காய்ந்து கிடக்கிறது, வீட்டுக்குள் தண்ணீர் நிற்கிறது. இதை முன்னேற்றம் என்று பலகை வைத்துச் சொல்லியிருக்கிறார்கள்.

போன ஆண்டு கோடையில் அகலப்படுத்தும் வேலை எங்கள் ஊருக்கு வந்தது. ஒப்பந்தக்காரரின் லாரிகள் கிராவல் கொண்டுவந்து இரண்டு பக்கமும் கொட்டின. ஒரு நாள் மாலை நான் போய்ப் பார்த்தபோது ஏழாங்கல் மதகின் வாய் இருந்த இடத்தில் மண் மேடு. மேற்கு வாயும் இல்லை, கிழக்கு வாயும் இல்லை. உருளை வண்டி அதன் மேல் ஏறி இறங்கி அழுத்திக்கொண்டிருந்தது.

மறுநாள் தம்பியைக் கூட்டிக்கொண்டு, வேலையைப் பார்வையிட வந்த உதவிப் பொறியாளரைப் பிடித்தேன். இளைஞர். மரியாதை தெரிந்தவர். அதுதான் இன்னும் எரிச்சல். கத்துகிறவரிடம் திருப்பிக் கத்தலாம்.

“சார், இந்த இடத்துல ஸ்ட்ரக்சரே இல்லைங்களே” என்றார்.

“இருக்குங்க. நீங்க இப்ப நிக்கிறதே அதுக்கு மேலதான்.”

“டிராயிங்ல இல்ல சார்.”

“ஏழாங்கல் மதகுன்னு இருக்குமே, பாருங்க.”

கைபேசியில் எதையோ விரித்துப் பார்த்தார். முகம் மலர்ந்தது. “இருக்கு சார், ஏழாவது கிலோமீட்டர். பழைய மதகை எடுத்துட்டு பாக்ஸ் கல்வெர்ட் கட்டச் சொல்லியிருக்கு. அது கட்டி முடிச்சாச்சே! நல்லா அகலமா கட்டிக் குடுத்திருக்கோம்.”

“எங்க கட்டுனீங்க?”

அவர் தெற்கே கையைக் காட்டினார். கோட்டுச்சேரிப் பக்கம். அங்கே போய்ப் பார்த்தோம். உண்மைதான். புத்தம்புதுக் கான்கிரீட் மதகு, ஆள் குனியாமல் நுழையலாம். இரண்டு பக்கமும் மேட்டு நிலம். அங்கே வாய்க்கால் இருந்ததாக எந்தக் காலத்திலும் யாரும் சொன்னதில்லை. உள்ளே நாலு ஆடுகள் நிழலுக்குப் படுத்திருந்தன. யாரோ கயிறு கட்டிப் புடவை காயப்போட்டிருந்தார்கள்.

எனக்கு அந்த இடத்திலேயே புரிந்துவிட்டது. பழைய மதகுகளின் பட்டியல் நகரத்திலிருந்து எண்ணியது. புதுச் சாலைக்கு வரைபடம் போட்டவர்கள் வடக்கே நண்டலாற்றுப் பாலத்திலிருந்து எண்ணிக்கொண்டு வந்திருக்கிறார்கள். அவர்களுக்குச் சாலை என்றால் வடக்கிலிருந்து தெற்கே வருவது. நடுவில் ஒரு ஊர் தன்னைச் சுழியமாக வைத்து எண்ணியிருக்கும் என்று அவர்களுக்கு ஏன் தோன்ற வேண்டும்? அங்கிருந்து ஏழு, இங்கிருந்து ஏழு. எங்கள் மதகை மேட்டு நிலத்தில் கட்டிவிட்டு, மதகு இருந்த இடத்தை மூடிவிட்டார்கள்.

பொறியாளரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். 1954, சாவடி, மைல், கிலோமீட்டர், கற்களின் வரிசை. பொறுமையாகக் கேட்டார்.

“நீங்க சொல்றது ஹிஸ்டரி சார். என்கிட்ட இருக்கறது அப்ரூவ்டு டிராயிங்.”

“தண்ணிக்கு உங்க டிராயிங் தெரியாதுங்க.”

“மனு குடுங்க சார். மேல அனுப்பறேன்.”

மனு கொடுத்தோம். பிரெஞ்சுக் காலத்துப் பெயரோடு இன்னும் இருக்கும் கொம்யூன் பஞ்சாயத்திலும் கொடுத்தோம். திரும்பி வரும்போது வண்டியை ஓட்டிக்கொண்டே தம்பி கேட்டான். “ஏண்ணே, பிரெஞ்சுக்காரன் கதையெல்லாம் அந்த ஆளுகிட்ட எதுக்குச் சொன்ன? தண்ணி போவாதுன்னு ஒரு வார்த்த சொன்னா போதாதா?”

“அதையும் சொன்னேனேடா.”

“கடைசியா சொன்ன. அதுக்குள்ள அந்தாளு மூணு தடவ போனைப் பாத்துட்டாரு.”

ஆடியில் மனு கொடுத்தது. ஆவணியில் இன்னொன்று. புரட்டாசியில் நேரில் போனபோது, கோப்பு மேலிடத்தில் இருக்கிறது என்றார்கள். மேலிடம் எங்கே என்று கேட்டேன். புதுச்சேரி என்றார்கள். எங்களுக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் இன்னொரு மாநிலம் கிடக்கிறது. அதைத் தாண்டிப் போய், அங்கே யாரோ ஒருவர் மேசையில் எங்கள் வயல் தண்ணீர் கையெழுத்துக்காகக் காத்திருக்க வேண்டும்.

ஐப்பசியில் தம்பி சம்பா நட்டான். நடாதே என்று சொல்லலாமா என்று நினைத்தேன், சொல்லவில்லை. சொன்னால் கேட்கவும் மாட்டான். கார்த்திகை பிறந்ததும் காற்றழுத்தத் தாழ்வு வந்தது. இரண்டு நாள் விடாத மழை. மூன்றாம் நாள் வானம் வெளுத்தது. முன்பெல்லாம் வானம் வெளுத்தால் சாயங்காலத்துக்குள் வரப்பு தெரியும். இப்போது வானம் வெளுத்த பிறகுதான் தண்ணீர் ஏறியது. மேற்கேயிருந்து எல்லா வயல் தண்ணீரும் வழக்கம்போல் எங்கள் தாழ்ந்த பங்குக்கு வந்தது. வந்த தண்ணீர் சாலை என்கிற சுவரில் முட்டி நின்றது. சாலைக்குக் கிழக்கே வடிகால் வறண்டு கிடந்தது. மேற்கே வயலெல்லாம் கடலாக நின்றது. நடுவே பேருந்துகள் போய்க்கொண்டிருந்தன.

நட்டு வேர் பிடித்த பயிர் முழுகினால் சில நாள் தாங்கும். பிறகு உள்ளே அழுக ஆரம்பிக்கும். அழுகிய பயிரின் வாடை ஒருமுறை மூக்கில் ஏறினால் போகாது. தம்பி தினமும் சாலையோரம் போய் நிற்பான். முதலில் பயிரின் நுனி தெரிந்தது, பிறகு அதுவும் தெரியவில்லை. சாப்பாட்டுக்குக் கூப்பிட்டால் வருவான், சாப்பிடுவான், மறுபடி போய் நிற்பான். அவனுக்குப் பயம் இந்த ஒரு சம்பாவுக்காக மட்டும் இல்லை. மதகு இல்லையென்றால் ஒவ்வொரு கார்த்திகையும் இப்படித்தான். நிலம் நிலமாக இருக்கப்போகிறதா, குளமாகப் போகிறதா என்பதுதான் கேள்வி.

அந்தக் கேள்விக்கு விடை தெரிந்த ஒருவர் மோட்டார் சைக்கிளில் வந்தார். மனைத் தரகர். வண்டியை நிறுத்திக் கண்ணாடியைக் கழற்றி, துக்கம் விசாரிக்க வந்தவர் மாதிரி தண்ணீரைப் பார்த்தார்.

“இனிமே இது நஞ்சை இல்லீங்க. மண்ணடிச்சு ரோடு மட்டத்துக்கு ஒசத்திட்டா மெயின் ரோட்டு மேல மனை. யோசிங்க.”

“பயிரு உள்ள கெடக்கு. இப்ப வந்து பேசறியே, வெக்கமா இல்ல?” என்றான் தம்பி.

“நான் பயிரப் பத்தி பேசலீங்களே” என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார்.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. தண்ணீர் வடியாமல் நின்றால் ஊர் கூடி ரோட்டை வெட்டும். திருட்டுத்தனமாக இல்லை, பகலில்தான். இரண்டு பக்கமும் மரக்கொம்பில் சிவப்புத் துணி கட்டி வைப்பார்கள். பேருந்து ஓட்டுநர்களுக்குச் சொல்லி அனுப்புவார்கள். தண்ணீர் வடிந்ததும் வெட்டியவர்களே தூர்த்து, மட்டம் பார்த்து, திமிசுக் கட்டையால் இடித்து இறுக்கிக் கொடுத்துவிடுவார்கள். 1977 நவம்பர் புயலுக்குப் பிறகு வெட்டியதை நானே பார்த்திருக்கிறேன். அப்போது மண்வெட்டியும் கடப்பாரையும் போதும். அதிகாரிகள் வந்து பார்த்துவிட்டு, சீக்கிரம் தூர்த்துவிடுங்கள் என்று சொல்லிப் போவார்கள். அது அவர்களுக்கும் ஊருக்கும் இருந்த எழுதாத ஒப்பந்தம்.

ஒரு வாரம் பொறுத்தோம். பொறியாளருக்கு நான் போன் செய்தபடி இருந்தேன். கடைசியில் அவர் எடுப்பதை நிறுத்திவிட்டார். எட்டாம் நாள் காலை, எங்களுக்குப் பின்னால் நிலம் வைத்திருக்கும் குடும்பங்களும் தம்பியும் ஒரு பொக்லைன் வண்டியை வாடகைக்கு எடுத்துக்கொண்டு வந்தார்கள். சிவப்புத் துணி கட்டினார்கள். காவல் நிலையத்துக்குத் தம்பியே போன் செய்து சொன்னான். வண்டிகளை ஊருக்குள் இருக்கும் குறுக்குச் சாலையில் திருப்பிவிட ஆள் நிறுத்தினார்கள். பொக்லைனின் கை இறங்கியது.

நான் ஓரமாக நின்று பார்த்தேன். சாலை குறுக்கே பிளந்துகொண்டு வந்தது. மேலே புதுத் தார், அதன் கீழ் பழைய தார், அதன் கீழ் இன்னும் பழையது, நடுவில் ஜல்லி, அதற்கும் கீழே செம்மண், செங்கல் தூள், கடைசியில் சுண்ணாம்பு பூத்த செங்கல் வளைவு. எந்த நூலகத்திலும் எனக்குக் கிடைக்காதது அந்தக் குழியின் சுவரில் அடுக்கடுக்காக இருந்தது. வேறு ஒரு நாளாக இருந்திருந்தால் நான் அதற்குள் இறங்கி உட்கார்ந்து ஒவ்வொரு அடுக்குக்கும் ஆண்டு போட்டிருப்பேன். அன்று என் கண்ணுக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று. மதகு அங்கே இருந்தது. முழுசாக, உடையாமல், கேட்பாரற்று. வாயில் மட்டும் மண். அதை எடுத்திருந்தால் போதும். யந்திரத்தின் பல் பட்டு வளைவின் முதுகு இடிந்தது. அதன் பிறகு மேற்கேயிருந்து தண்ணீர் வந்தது. பழுப்பும் நுரையுமாக, அழுகிய பயிரின் வாடையோடு, இவ்வளவு நாள் அடைத்து வைத்த ஆத்திரத்தோடு கிழக்கே பாய்ந்தது. யாரும் கைதட்டவில்லை. தம்பி வயலைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டிருந்தான்.

மூன்றாம் நாள் தண்ணீர் இறங்கிவிட்டது. வழக்கப்படி ஊர் தூர்க்க வேண்டும். அதற்குள் துறையே வந்துவிட்டது. இரண்டு லாரி மண், ஒரு பொக்லைன், பொறியாளர், பாதுகாப்புக்குப் போலீஸ். மாதக்கணக்காக வராதவர்கள் மூன்றே நாளில் வந்தார்கள்.

“வெட்டினவங்கதான் தூர்க்கணும்னு உங்க ஊர்ல வழக்கமாமே” என்றார் பொறியாளர். குரலில் அதே மரியாதை. “பரவாயில்லை. நாங்களே தூர்த்துத் தர்றோம்.”

“தண்ணி போக அடியில குழாய்?” என்று கேட்டேன்.

“குழாய்க்கு சாங்ஷன் வரணும் சார்.”

அப்போதுதான் தம்பி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குழிக்குள் இறங்கினான். தொடையளவு தண்ணீர். இடிந்த வளைவின் மேல் போய் உட்கார்ந்தான். “கொழா போடாம ஒரு கூட மண்ணு விழுந்தாலும் என் மேல விழட்டும்” என்றான். என் தம்பி கூட்டத்தில் பேசுகிறவன் இல்லை. கல்யாண வீட்டில்கூட முதல் பந்தியில் உட்காரக் கூச்சப்படுவான்.

அன்று பார்த்துக் குறுக்குச் சாலையில் ஒரு லாரி சேற்றில் இறங்கி அடைத்துக்கொண்டது. இரண்டு பக்கமும் வண்டிகள் நின்றன. பேருந்திலிருந்து ஆட்கள் இறங்கி வந்து குழியை எட்டிப் பார்த்தார்கள். வடக்குப் பக்கம் மண்டபத்தூரிலிருந்து மீன் ஏற்றி வந்த ஒரு குட்டியானை வண்டி. அதிலிருந்து ஒரு மீன்காரப் பெண்மணி இறங்கி வந்தார். ஐம்பது வயதிருக்கும். முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு குழியின் விளிம்பில் வந்து நின்றார்.

“யோவ், எந்திரிய்யா. பொட்டில ஐசு கரையுது.”

“கரையட்டும்.”

“கரையட்டுமா? உன் நெல்லு அழுவுனா என் மீனும் அழுவணுமா? எந்த ஊரு நாயம்யா இது?”

“பத்து நாளா அழுவுதும்மா எனக்கு.”

“நெல்லு நின்னு நிதானமா அழுவும். மீனுக்கு அந்தப் பொறுமையெல்லாம் கெடையாது. மார்க்கெட்டு கலைஞ்சிருச்சுன்னா இத நீ வாங்கிக்கிறியா? நீயும் இந்த சட்டை போட்ட பெரியவரும் சேந்து ஒக்காந்து தின்னுவியளா?” என்று என்னையும் காட்டினார். கூட்டம் சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் சொல்வதில் தப்பில்லை என்பது கோபத்தை இன்னும் ஏற்றியது. அவர் மீனும் எங்கள் நெல்லும் ஒன்றையொன்று பார்த்துக் குரைக்கும்படி நிறுத்தி வைத்தவர்கள் நிழலில் நின்றுகொண்டிருந்தார்கள்.

நான் அவரிடம் நடந்ததைச் சொன்னேன். இந்த முறை தண்ணீரை முதலில் சொன்னேன். அவர் முழுசாகக் கேட்கவில்லை. பாதியிலேயே பொறியாளர் பக்கம் திரும்பினார்.

“ஏன் சாரு, கொழா எங்க?”

“அதுக்கு ஆர்டர் வரணும்மா.”

“எப்ப வரும்?”

“மேல எழுதியிருக்கோம்…”

“இந்த ஆளு அதுவரைக்கும் எந்திரிக்க மாட்டான். மூஞ்சப் பாத்தாலே தெரியுது, எங்க வூட்டு ஆளு மாதிரி. நீங்க மேல எழுதிக்கிட்டே இருங்க, நாங்க இங்க நாறிக்கிட்டே இருக்கோம். அங்ஙன பூவத்துக்கிட்ட ரோட்டோரமா கொழாயா அடுக்கி வச்சிருக்கியளே, அது யாரு வூட்டுக் கல்யாணத்துக்கு?”

“அது வேற ஒர்க்குக்கு வந்ததும்மா.”

“அந்த ஒர்க்கு ஓடியா போவுது? அத எடுத்தாந்து இதுல போடு. இதுக்கு வர்றத அப்பறம் அதுல போடு. நாங்க ஐசுக்கு அப்புடித்தான் செய்யிறோம்.”

பேருந்தில் வந்தவர்களும் சேர்ந்துகொண்டார்கள். “கொழாயக் கொண்டாங்கப்பா” என்று பின்னாலிருந்து குரல்கள். காவல் துறை உதவி ஆய்வாளர் பொறியாளரைத் தனியே கூப்பிட்டு, “சார், இன்னும் ஒரு மணி நேரம் போச்சுன்னா என்னால கட்டுப்படுத்த முடியாது” என்றார். பொறியாளர் யாருக்கோ போன் செய்தார். பிறகு இன்னொருவருக்கு. மாதக்கணக்கில் வராத ஆணை, வெயில் உச்சிக்கு வருவதற்குள் வந்துவிட்டது. ஒரு லாரி பூவத்திலிருந்து கான்கிரீட் குழாய்களை ஏற்றிக்கொண்டு வந்தது.

இங்கே நான் கதையை முடித்தால் படிக்கிறவர்களுக்கு நன்றாக இருக்கும். முடிக்க முடியாது. குழாயை இறக்கும்போது அடியில் இருந்த பழைய செங்கல் கட்டு முட்டியது. அதை முழுவதும் உடைத்து எடுத்தால்தான் குழாய் வயல் மட்டத்துக்குப் போகும். உடைக்க நேரமாகும். இடிந்த செங்கலின் மேலேயே மண்ணைப் பரப்பிக் குழாயை உட்கார வைத்தார்கள்.

“மட்டம் ஒசரமா இருக்கு” என்று தம்பி கத்தினான். “வயல்ல முழங்கால் தண்ணி நின்னாதான் இதுல ஏறும்.”

“லெவல் கரெக்டாதான் இருக்கு சார். பைப் வந்துருச்சுல்ல, வாங்க மேல.”

“போதும்யா, வந்துருச்சுல்ல” என்றார் மீன்காரப் பெண்மணியும். அவர் வண்டியில் ஐஸ் தண்ணீர் ஒழுகிக்கொண்டிருந்தது. தம்பி அவரைப் பார்த்தான். அந்த வண்டியைப் பார்த்தான். கையை ஊன்றி மேலே ஏறி வந்துவிட்டான். அவர் போகும்போது, “ஒடம்பத் தொடச்சுக்க, சளி புடிச்சுக்கும்” என்று சொல்லிவிட்டு ஓடினார். குழியை மூடி முடிக்க மாலையாகிவிட்டது. அவர் சந்தையை எட்டினாரா, மீன் என்னவாயிற்று, எனக்குத் தெரியாது.

மேட்டுப் பங்கில் பயிர் தேறியது. தாழ்ந்த பங்கு முழுவதும் போயிற்று. மார்கழியில் பொதுச் சொத்தைச் சேதப்படுத்தியதாகத் தம்பி பேரில் வழக்குப் பதிவானது. அதே வாரத்தில், புதிய பாலம் அமைத்துத் தந்ததற்கு ஊர்ப் பொதுமக்களின் நன்றி என்று சாலையோரம் ஒரு பெரிய பதாகை நின்றது. கும்பிட்ட கைகளோடு யார் யாரோ சிரித்துக்கொண்டிருந்தார்கள். கோட்டுச்சேரிப் பக்கத்து அகல மதகில் ஆடுகள் இன்னும் படுத்திருக்கின்றன. இடம் மாறிக் கட்டிவிட்டோம் என்று இதுவரை ஒருவர் வாயிலிருந்தும் வரவில்லை. ஒரு தவறு செய்தோம் என்ற ஒரு வாக்கியத்தைச் சொன்னால் இவர்களுக்கு என்ன குறைந்துவிடும்?

தை அறுவடைக்குப் பிறகு தரகர் மறுபடி வந்தார். தாழ்ந்த பங்கில் அப்போதும் தண்ணீர் நின்றது. குழாயின் வாய்க்குக் கீழே, எங்கும் போக முடியாமல், பாசி பிடித்து. நிலம் எங்கள் இருவர் பேரிலும் இருப்பதால் என் கையெழுத்தும் வேண்டும்.

“கொடுத்துடுடா” என்றேன். எனக்குச் சலித்துவிட்டது. அந்தச் சாலையைப் பார்க்கவே பிடிக்கவில்லை. “யாரோட எவ்வளவு நாள் மல்லுக்கட்டுவ? தொலையட்டும், கையெழுத்துப் போட்டுத் தர்றேன்.”

“குடுத்துட்டு?” என்றான் தம்பி. “அவன் மண்ணடிச்சு ஒசத்துவான். கொழா வாயி அடைஞ்சுபோவும். நமக்கு மேல இருக்கறவங்க தண்ணி எங்கண்ணே போவும்? அவங்க எந்தக் குழில போய் ஒக்காருவாங்க?”

தரகர் சிரித்துச் சமாளித்தார். “அதெல்லாம் ஓரமா சின்னதா வாய்க்கா விட்டுக்கலாங்க.”

“எங்க விடுவ? டிராயிங் வச்சிருக்கியா?” என்று கேட்டான். தரகர் வண்டியைத் திருப்பிக்கொண்டு போனார். அதன் பிறகு வரவில்லை.

சித்திரை வெயிலில் தண்ணீர் சுண்டியது. ஒரு நாள் காலை நான் போனபோது தம்பி தாழ்ந்த பங்கின் நடுவே கயிறு கட்டி நீளமாக வெட்டிக்கொண்டிருந்தான். மேற்கு வரப்பிலிருந்து நேராகக் குழாய் வரைக்கும் ஒரு வடிகால். வெட்டிய மண்ணை இரண்டு பக்கமும் போட்டு நிலத்தை மேடாக்கினான். மேல் வயல்களின் தண்ணீர் இனி வாய்க்காலுக்குள்ளேயே குழாய் மட்டத்துக்கு ஏறிப் போய்விடும். வாய்க்காலுக்கும் கரைக்கும் போனது போக, அந்தப் பங்கில் நடுவதற்கு மிஞ்சப்போவது கொஞ்சம்தான். நல்ல நஞ்சை. பொன்னாக விளைந்த மண். அதைச் சாலைக்காரன் செய்த தப்புக்காக இவன் வாய்க்காலுக்குத் தாரை வார்க்க வேண்டும். எனக்குத் தாங்கவில்லை.

“உன் நெலத்த நீயே வெட்டிப் பாழாக்கறியேடா” என்று வரப்பில் நின்று கத்தினேன்.

அவன் நிமிர்ந்து முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

“ரோட்ட வெட்டுனாத்தான கேசு போடறான்? இத வெட்டுனா ஒண்ணும் பண்ண மாட்டான்ல?”

சொல்லிவிட்டுக் குனிந்து அடுத்த வெட்டைப் போட்டான்.